சனிக்கிழமைத் தொண்டு முழுநேர வேலையாக மாற: பினாங்கு இளையோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை இலவச வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில், பாடம் சொல்லிக்கொடுக்க வரும் பல்கலைக்கழகத் தம்பி தங்கச்சிகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: “அக்கா, இதையே வேலையா செய்ய முடியுமா? சம்பளம் கிடைக்குமா?”

முடியும். சம்பளமும் கிடைக்கும். பினாங்கிலேயே பயனீட்டாளர் உரிமை, சுற்றுச்சூழல், பெண்கள் பாதுகாப்பு, பார்வையற்றோர் பயிற்சி, நோயாளிகளின் இறுதிக்காலப் பராமரிப்பு என்று பல துறைகளில் மாதச் சம்பளத்துக்கு ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். ஆனால் தொண்டு செய்த எல்லாருக்கும் அந்த வாய்ப்பு அமைந்துவிடுவதில்லை. பல வருடம் அன்னதானத்திலும் இரத்ததான முகாமிலும் ஓடியாடிய ஒருவருக்கு நேர்முகத் தேர்வில் சொல்ல எதுவும் இருக்காது. ஒன்றரை வருடம் ஒரே வகுப்பில் வருகைப் பதிவேட்டையும் சில்லறைக் கணக்கையும் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு உடனே வேலை கிடைக்கும். உழைப்பில் இருவரும் குறைந்தவர்கள் இல்லை. இரண்டாமவர் பதில் சொல்ல வேண்டிய ஒரு பொறுப்பைச் சுமந்தார், அதற்கு எழுத்தில் தடயமும் வைத்திருந்தார். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பொறுப்பை எப்படிக் கேட்டு வாங்குவது, எப்படிச் சம்பள வேலையாக வளர்ப்பது என்பதைப் பற்றித்தான்.

இந்தப் பாதை புதியதும் இல்லை. யு.எஸ்.எம். பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த மார்ட்டின் கோர், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் ஆய்வுப் பணிக்கு வந்தார். பிறகு 1984-இல் தொடங்கிய, வளரும் நாடுகளின் பிரச்சினைகளை ஆராயும் மூன்றாம் உலக வலையமைப்பை நடத்தினார். 2009 முதல் 2018 வரை ஜெனீவாவில், வளரும் நாடுகள் சேர்ந்து நடத்தும் சவுத் சென்டருக்குத் தலைமை தாங்கினார். ஐரின் பெர்னாண்டஸ் இருபதுகளிலேயே ஆசிரியர் வேலையை விட்டு இளம் தொழிலாளர்களைத் திரட்டும் இயக்கத்தில் முழுநேரமாக இறங்கியவர். 1991-இல் கோலாலம்பூரில், பெண்களுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் துணை நிற்கும் தெனாகானித்தாவைத் தொடங்கினார், 2005-இல் ரைட் லைவ்லிஹூட் விருது பெற்றார். எல்லாரும் அந்த உயரத்துக்குப் போக வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம், சேமநிதி, மனசுக்குப் பிடித்த வேலை என்ற அளவில் இருந்தாலே நல்ல வாழ்க்கைதான்.

முதல் படி: பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள், இயக்கத்தை அப்புறம் பார்க்கலாம்

நம்மில் பெரும்பாலோர் கோயிலிலோ, தமிழ் இளைஞர் மணிமன்றத்திலோ, பல்கலைக்கழக இந்தியர் கழகத்திலோ தொடங்குகிறோம். தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர் பந்தல். மோர் ஊற்றிக் கொடுப்பதில் தொடங்கி குப்பை அள்ளுவது வரை இளையோர் கைதான். நல்ல தொடக்கம் அது. கூட்டத்தைச் சமாளிக்கவும் பெரியவர்களிடம் பேசவும் பந்தல் கற்றுக்கொடுப்பதுபோல் எந்தப் பயிலரங்கும் கற்றுக்கொடுக்காது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் வருடத்துக்கு மூன்று நாள் தொண்டர் என்ற நிலைதான் மிஞ்சும்.

ஆகவே ஒரு பிரச்சினையைப் பிடியுங்கள். பள்ளியை விட்டு நின்றுபோகும் பிள்ளைகளா, பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாதவர்களா, குடும்ப வன்முறையா, கடலோர மீனவர் வாழ்வும் சதுப்புநிலமுமா, தனியாக வாழும் முதியவர்களா? எதுவாகவும் இருக்கலாம். வேலை நாள் இரவில், யாரும் சொல்லாமலே, அந்த விஷயத்தைப் பற்றிய செய்தியைத் தேடிப் படிக்கிறீர்கள் என்றால் அதுதான் உங்களுக்கானது.

பிரச்சினை தெரிந்துவிட்டால் போக வேண்டிய இடம் தானாகத் தெரியும். பயனீட்டாளர் விவகாரம் என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம். காடு, கடல், விவசாய நிலம் என்றால் 1977-இல் தொடங்கிய சஹாபாட் ஆலாம் மலேசியா. வன்முறைக்கு உள்ளான பெண்கள், பிள்ளைகள் என்றால் 1985 முதல் இயங்கும் பெண்கள் மாற்றத்துக்கான மையம். பார்வையற்றோர் என்றால் 1926-இல் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம். குடியுரிமை ஆவணப் பிரச்சினை என்றால் சிலாங்கூரில் இருந்து இயங்கும் டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா. இந்தியப் பிள்ளைகளின் கல்வி என்றால் 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம். அதன் வகுப்புகள் பல்கலைக்கழக மாணவர்களின் உழைப்பில்தான் வளர்ந்தன.

தூரத்தையும் யோசியுங்கள். பட்டர்வொர்த்தில் இருப்பவர் வாராவாரம் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் போக வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாம் மாதம் ஆர்வம் வடிந்துவிடும். செபெராங் பிறையிலேயே தேவை நிறைய இருக்கிறது.

இரண்டாம் படி: சேரும் முன் விசாரியுங்கள்

உங்கள் பெயரும் நேரமும் போகும் இடம் என்பதால் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இயக்கம் சங்கப் பதிவிலாகாவில் பதிவாகியிருக்கிறதா, அல்லது பங்குதாரர் இல்லாத உத்தரவாத நிறுவனமாக, நிறுவனங்களைப் பதியும் எஸ்.எஸ்.எம்.மில் இருக்கிறதா? கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது? 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, பொதுக்கூட்டம் நடந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அதைச் சரியாகச் செய்யும் இயக்கத்தில் மற்ற காரியங்களும் பெரும்பாலும் சரியாக இருக்கும். காசோலையில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

உண்டியல் தூக்கிக்கொண்டு தெருவிலோ வீடு வீடாகவோ நிதி திரட்டச் சொன்னால் காவல்துறை அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 1947-ஆம் ஆண்டிலிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தின் நகல் கையில் இல்லாமல் போகாதீர்கள்.

பிள்ளைகளோடு பழகும் வேலை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் படத்தைப் போடக்கூடாது என்ற அளவுக்காவது எழுதப்பட்ட விதி இருக்க வேண்டும். பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். “நமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்” என்று சொல்லும் இயக்கத்தை விட்டு அன்றே வெளியே வந்துவிடுங்கள். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: யாரும் விரும்பாத வேலையைக் கேட்டு வாங்குங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

எந்த இயக்கத்திலும் மேடை ஏறிப் பேச ஆள் இருக்கும், படம் எடுக்க ஆள் இருக்கும், சட்டை வடிவமைக்கவும் ஆள் இருக்கும். வருகைப் பதிவேடு, சில்லறைக் கணக்கு, கூட்டக் குறிப்பு, நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம், பெற்றோரைத் தொலைபேசியில் அழைப்பது ஆகியவற்றுக்குத்தான் ஆள் கிடைக்காது. முதல் மூன்று மாதம் சொன்ன வேலையைச் செய்து, நேரத்துக்கு வந்து, முகம் பழகுங்கள். அதன் பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் போய், “அக்கா, பதிவேட்டை இனி நான் பார்த்துக்கிறேனே” என்று கேளுங்கள். மறுப்பவர் அரிது.

பதிவேடு என்றால் சரி குறி போடுவது என்று நினைக்காதீர்கள். ஒரு வகுப்பின் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வரும் நான்கு பிள்ளைகள் சேர்ந்தாற்போல் வருவதில்லை. விசாரித்தால், அவர்களை ஏற்றி வந்த வேன்காரர் வேறு வேலைக்குப் போயிருப்பார். வாரம் ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய்தால் நான்கு பேரும் திரும்ப வந்துவிடுவார்கள். பதிவேடு இல்லையென்றால் “பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை” என்று யாரோ ஒருவர் முடிவுகட்டியிருப்பார். திட்டக் கண்காணிப்பு என்று சம்பளம் கொடுத்து ஆள் தேடும் வேலையின் அடிப்படை இதுதான். எண்ணைப் பார்க்க வேண்டும், காரணத்தைத் தேட வேண்டும், மாற்றம் செய்ய வேண்டும், மாறியதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேலையையும் சொல்கிறேன், ஏனென்றால் நம் சமூகத்தில் இதற்குத் தேவை அதிகம். தீபகற்ப மலேசியாவில் பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு, அதற்கு ஆவணங்கள் கூடுதலாகக் கேட்பார்கள். பாட்டி வளர்க்கும் பிள்ளை, அப்பா பெயர் தெரியாத பிள்ளை, பெற்றோருக்குத் திருமணப் பதிவு இல்லாத பிள்ளை என்று ஒவ்வொன்றும் ஒரு தனிக் கதை. இதில் ஒரு தொண்டர் செய்யும் மிகப் பெரிய உதவி, ஒழுங்கான ஒரு கோப்பு. முதல் பக்கத்தில் தேதிவாரியாக ஒரு பட்டியல்: எந்த நாள் தேசியப் பதிவிலாகாவுக்குப் போனோம், எந்த முகப்பில் என்ன சொன்னார்கள், அடுத்து என்ன கொண்டுவரச் சொன்னார்கள். அதன் பின்னால் மருத்துவமனைக் கடிதம், தாயின் அடையாள அட்டை நகல், தடுப்பூசிப் புத்தகத்தின் நகல், பள்ளிக் கடிதம், எல்லாம் தனித்தனி உறையில். அசல் எதுவும் தொண்டரின் கையில் இருக்கக்கூடாது, அசல் குடும்பத்திடம்தான் இருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து வேறொரு அதிகாரி முன்னால் போய் நிற்கும்போது, பாட்டியின் ஞாபகத்தை நம்பாமல் இந்த ஒரு பக்கத்தை நீட்ட முடியும். இப்படி நான்கு கோப்பை ஒழுங்காக நடத்திய இளைஞரை எந்தச் சமூகப்பணி அமைப்பும் வேண்டாம் என்று சொல்லாது.

ஒரே இடத்தில் குறைந்தது ஒரு வருடம் இருங்கள். பள்ளி வருடம் ஒன்றின் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்தால்தான் ஒரு திட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்பது புரியும். வெள்ளம் போன்ற அவசர காலத்தில் மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியபோதும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் ஏறியபோதும் களத்தில் இறங்கிய இளைஞர்கள் பலர், உணவுப் பொட்டலம் யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்ற கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அங்கேதான் கற்றார்கள்.

நான்காம் படி: செய்ததை எழுதி வையுங்கள்

மாதக் கடைசியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். என்ன செய்தேன், எத்தனை பேருக்கு, என்ன மாறியது, எது சரிவரவில்லை. நான்கே வரி போதும். கைப்பேசியில் எழுதினாலும் சரிதான். ஆறு மாதம் போனால் எதுவும் நினைவில் நிற்காது.

இந்தக் குறிப்பிலிருந்துதான் உங்கள் சுயவிவரம் பிறக்கும். “சமூக சேவையில் மிகுந்த ஆர்வம் உள்ளவர்” என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: “30 மாணவர் கொண்ட சனிக்கிழமை வகுப்பின் வருகைப் பதிவையும் பெற்றோர் தொடர்பையும் 14 மாதம் கவனித்தேன். போக்குவரத்து ஏற்பாட்டை மாற்றியதால், நின்றுபோன மாணவர்கள் திரும்ப வந்தார்கள். மாதம் 300 வெள்ளி சில்லறைக் கணக்கை ரசீதோடு ஒப்படைத்தேன்.” படிப்பவருக்கு உங்களை எந்த நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்பது உடனே தெரிந்துவிடும்.

சான்றிதழ் சேர்ப்பதில் நேரத்தைக் கரைக்காதீர்கள். பொறுப்பாளரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம், அதுவும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று குறிப்பாகச் சொல்லும் கடிதம், பத்துப் பங்கேற்புச் சான்றிதழைவிட மேல். அவருக்கு நேரம் இருக்காது. உங்கள் குறிப்பிலிருந்து ஐந்து விவரத்தைக் கொடுத்து உதவுங்கள்.

குறிப்பு எழுதும்போது ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளின், குடும்பங்களின் பெயரையும் முகவரியையும் உங்கள் சொந்தக் குறிப்பில் எழுத வேண்டாம். அது அவர்களுடைய வாழ்க்கை. நேர்முகத் தேர்வில் வாய்தவறிப் பெயர் சொன்னால், அனுபவமுள்ள ஒருவர் அந்த இடத்திலேயே உங்களை நிராகரிப்பார். அது நியாயமும்கூட.

ஐந்தாம் படி: பணத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்

நம் பிள்ளைகள் அதிகம் தயங்கும் இடம் இது. தொண்டில் காசைப் பற்றிப் பேசுவது ஏதோ தவறு என்ற எண்ணம் வீட்டிலிருந்தே வருகிறது. ஆனால் முழுநேர வேலைக்கும் பகுதிநேரத் தொண்டுக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் இந்த ஒரு திறன்தான். ஒரு திட்டத்துக்கு எவ்வளவு செலவாகும், அது ஏன் நியாயம் என்று ஒரு பக்கத்தில் சொல்லத் தெரிந்தவர் எந்த இயக்கத்துக்கும் வேண்டியவர்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 பிள்ளைகள், மாதம் 4 சனிக்கிழமை, 10 மாதம், ஆக 40 வகுப்பு. தேநீரும் பலகாரமும் தலைக்கு 3 வெள்ளி என்றால் 3,600 வெள்ளி. ஆறு தொண்டருக்குப் போக்குவரத்துப் படி ஆளுக்கு 15 வெள்ளி, அதுவும் 3,600. புத்தகம், அச்சு பிள்ளைக்கு 60 வெள்ளி என்றால் 1,800. பகுதிநேர ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 800 வெள்ளி, பத்து மாதத்துக்கு 8,000. அவருக்கு முதலாளி தரப்புச் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 1,040. மொத்தம் 18,040 வெள்ளி. தொழிலாளர் சமூகக் காப்புறுதியான சொக்சோவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 601 வெள்ளி, ஒரு வகுப்புக்கு 15 வெள்ளி.

இந்தக் கடைசி எண்தான் நன்கொடையாளர் மனதில் நிற்கும். 18,000 வெள்ளி கேட்டால் யோசிப்பவர், “ஒரு பிள்ளைக்கு ஒரு சனிக்கிழமைக்கு 15 வெள்ளி” என்றால் தன் தெருவில் இருக்கும் டியூஷன் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை மறைக்காமல் போட்டிருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். பல இயக்கங்கள் அந்த வரியை எடுத்துவிட்டு, “எல்லாம் சேவைதான்” என்று மானியம் கேட்கின்றன. அப்படிக் கேட்பதால்தான் இந்தத் துறையில் இளையோருக்கு வேலையே உருவாவதில்லை என்பது என் உறுதியான கருத்து. திட்டத்தை நடத்த ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். நேர்மையான மானியம் கொடுப்பவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். நீங்கள் எழுதும் அந்த ஒரு பக்கமே உங்கள் முதல் சம்பளத்தைக் கொண்டுவரலாம். இயக்கத்துக்குள்ளேயே பகுதிநேர வேலை இப்படிப் பிறப்பது வழக்கமாக நடப்பதுதான்.

மானியம் எங்கே? யாயாசான் ஹசானா போன்ற பெரிய அறநிதிகள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ரா, மாநில அரசு ஒதுக்கீடு என்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் தன் விதியைத் தானே வெளியிடும். விண்ணப்பக் காலத்தை மட்டும் தவறவிடாதீர்கள். இயக்கத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அனுமதி இருந்தால், கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடைக்கும். மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை என்ற வரம்பு உண்டு. பெரிய நன்கொடையாளர் முதலில் கேட்பது இதைத்தான், பதிலைத் தெரிந்து வைத்திருங்கள்.

ஆறாம் படி: படிப்பும் மொழியும்

சமூகப்பணிப் பட்டம் கட்டாயமா? வழக்குப் பணி (ஒரு குடும்பத்தின் பிரச்சினையைத் தொடர்ந்து கவனிப்பது), ஆலோசனை, பிள்ளைகள் பாதுகாப்பு ஆகிய வேலைகளுக்குப் போவதென்றால் பெரிய பலம். மலேசியாவில் சமூகப்பணிக் கல்வியைப் பல்கலைக்கழக அளவில் முதலில் தொடங்கியது நம் பினாங்கு யு.எஸ்.எம்.தான், 1975-இல். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடிப்பவர்கள் விண்ணப்பப் பட்டியலில் மருத்துவம், சட்டம், கணக்கியலுக்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் பாருங்கள். மற்ற வேலைகளுக்குக் கணக்கியல், தொடர்பியல், பொதுச் சுகாதாரம் என்று எந்தப் பட்டமும் ஒத்துவரும். இயக்கங்களில் கணக்காளருக்கு எப்போதும் தட்டுப்பாடு. கணக்கியல் படித்த ஒருவருக்கு மனசும் இருந்தால் அவருக்கு வேலை காத்திருக்கிறது. பட்டம் இல்லாதவர்களுக்கு வழி அடைத்துவிடவில்லை. இல்லப் பராமரிப்பு, களப்பணி, பயிற்சி உதவியாளர் வேலைகளில் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு.

மொழி விஷயத்தில் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் தங்கள் பலத்தை உணர்வதில்லை. ஒரு வழக்கில் பாட்டி பேசுவது தமிழ், இலாகாவின் படிவம் மலாய், மானியம் கொடுத்தவருக்குப் போகும் அறிக்கை ஆங்கிலம். மூன்றுக்கும் நடுவில் அர்த்தம் சிதறாமல் ஓடக்கூடியவர் ஒருவர் இருந்தால் மூன்று பேர் வேலை மிச்சம். மலாயில் அரசாங்கக் கடிதம் எழுதவும் ஆங்கிலத்தில் இரண்டு பக்க அறிக்கை எழுதவும் பழகுங்கள். தமிழையும் பேச்சளவில் விட்டுவிடாமல், பெற்றோருக்குப் போகும் கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதும் அளவுக்குக் கூர்மையாக வைத்திருங்கள்.

ஏழாம் படி: முழுநேரத்துக்கு முன் ஒரு பாதிப் படி

நேராகக் குதிக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பயிற்சிப் பணியை ஒரு இயக்கத்தில் செய்யலாம். பாயான் லெப்பாஸ் ஆலையில் செய்தால் மாதப் படித்தொகை கூடுதலாகக் கிடைக்கலாம், அது உண்மைதான். ஆனால் பல இடங்களில் பயிற்சிக்கு வந்தவரே பிறகு ஊழியராகிறார். பட்டம் முடித்தவர்கள் டீச் ஃபார் மலேசியாவின் இரண்டு வருடத் திட்டத்தைப் பாருங்கள். தேவை அதிகமுள்ள பள்ளிகளில் சம்பளத்தோடு கற்பித்துவிட்டு, பிறகு கல்வித் துறையின் பல மூலைகளுக்குப் போனவர்கள் அதில் நிறைய. பேரிடர் உதவியில் ஆர்வம் என்றால் 1999-இல் தொடங்கிய மெர்சி மலேசியாவில் தொண்டராகப் பெயர் கொடுக்கலாம். பல்கலைக்கழக மாணவர்களுக்கு யாயாசான் சுக்காரெலாவான் சிஸ்வா வழியாக வெளிநாட்டுத் தொண்டு வாய்ப்பும் வரும்.

இந்தக் கட்டத்தில் உடம்பையும் மனசையும் கவனியுங்கள். வேலை, படிப்பு, தொண்டு மூன்றும் சேரும்போது வாட்ஸ்அப் குழு நள்ளிரவிலும் அடித்துக்கொண்டே இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் அவசரம் தவிர பதில் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடினமான வழக்கு ஒன்றைக் கேட்டுவிட்டுத் தூக்கம் வராமல் போனால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். சொல்ல முடியாத அளவுக்குத் தனிமையாக இருந்தால், 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கும், மனம்விட்டுப் பேசுபவருக்குக் காதுகொடுக்கும் பிஃபிரெண்டர்ஸ் போன்ற அமைப்பை அழையுங்கள். அடுத்தவர் துயரத்தைச் சுமப்பவருக்கும் தோள் வேண்டும்.

எட்டாம் படி: விண்ணப்பம், சம்பளம், வீட்டில் பேசுவது

காலியிடங்கள் பெரும்பாலும் இயக்கங்களின் முகநூல், லிங்க்ட்இன் பக்கங்களிலும் தொண்டர் குழுக்களிலும்தான் முதலில் வரும். நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பதன் பலன் அங்கே தெரியும். விண்ணப்பக் கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். அந்த இயக்கத்தின் கடைசி ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு, அதில் ஒரு திட்டத்தைப் பற்றி நீங்கள் கவனித்த ஒன்றைக் குறிப்பிடுங்கள்.

நேர்முகத் தேர்வில் அவர்கள் கேட்பது: “உதவி வேண்டாம் என்று சொன்ன குடும்பத்தை எப்படிக் கையாண்டீர்கள்?” “கணக்கில் 50 வெள்ளி குறைந்தால் என்ன செய்வீர்கள்?” நடந்ததைச் சொல்லுங்கள், கொள்கை விளக்கம் வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியதும் உண்டு. இந்தப் பதவிக்கு நிதி எங்கிருந்து வருகிறது, எத்தனை மாதத்துக்கு உறுதி? மானியம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியுமா? எனக்கு யார் வழிகாட்டுவார்? வார இறுதி வேலைக்கு மாற்று விடுப்பு உண்டா? இதைக் கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் அங்கே போக வேண்டாம்.

சம்பளம் தொடக்கத்தில் வங்கி, ஆலை அளவுக்கு இருக்காது. ஆனால் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். 2025 முதல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி. சேமநிதி, சொக்சோ, வேலைக் காப்புறுதி எல்லாம் இயக்க ஊழியருக்கும் உண்டு. “இது சேவை, இ.பி.எஃப். எல்லாம் பார்க்கக்கூடாது” என்று சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பி.டி.பி.டி.என். கல்விக் கடன், மோட்டார் தவணை, வீட்டுக்குக் கொடுக்கும் பணம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து, உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்ற எண்ணோடு போங்கள்.

அம்மா அப்பாவிடம் பேசுவது இதைவிடக் கடினம். “இதுக்கா உன்னை யுனிவர்சிட்டிக்கு அனுப்பினோம்?” என்ற கேள்விக்குப் பின்னால் பயம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வெளியேறி, லாரி ஓட்டி, ஆலையில் நின்று படிக்க வைத்த தலைமுறைக்கு நிலையான சம்பளம் என்பது சாதாரண விஷயம் இல்லை. இலட்சியம் பேசி அவர்களை மாற்ற முடியாது. நியமனக் கடிதத்தைக் காட்டுங்கள், சேமநிதிக் கணக்கைக் காட்டுங்கள், ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு அழைத்துப் போங்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு இங்கே என்ன பதவி, அங்கிருந்து எங்கே போகலாம் என்பதையும் சொல்லுங்கள். திட்ட அதிகாரி, திட்ட மேலாளர், நிதி திரட்டுநர், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவு, ஐ.நா. அமைப்புகளின் கோலாலம்பூர் அலுவலகங்கள் என்று படிகள் உண்டு.

ஒன்பதாம் படி: சொந்தமாகத் தொடங்குவதா?

பெரும்பாலோருக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பதே. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவது சுலபம். வருடாவருடம் பொதுக்கூட்டம், கணக்கறிக்கை, செயலவைத் தேர்தல் என்று அதைக் காப்பாற்றுவதுதான் பாரம். நம் சமூகத்தில் ஒரே நோக்கத்துக்கு ஐந்து சங்கம், ஐந்திலும் பொருளாளர் இல்லை என்ற நிலை ஏற்கெனவே இருக்கிறது. யாரும் தொடாத ஒரு தேவையை நீங்கள் கண்டிருந்தால், மூன்று வருடமாவது வேறோர் இயக்கத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால், கணக்குப் பார்க்கும் ஒரு நண்பர் உங்களோடு இருந்தால், அப்போது தொடங்குங்கள்.

ஏற்கெனவே இருக்கும் சங்கத்திலேயே சம்பள ஊழியராகிறீர்கள் என்றால் ஒன்றை முதல் நாளே சரிசெய்துவிடுங்கள். நேற்றுவரை செயலவையில் உங்களோடு உட்கார்ந்தவர்கள் இன்று உங்கள் முதலாளிகள். சம்பளம் வாங்கிக்கொண்டே செயலவையிலும் இருந்தால், உங்கள் சம்பளத்தை நீங்களே தீர்மானிக்கும் நிலை வரும். உறுப்பினர்கள் பேசுவார்கள், பேசுவதற்கு உரிமையும் உண்டு. செயலவையிலிருந்து எழுத்தில் விலகுங்கள். விலகலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லி, குறிப்பின் நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். அதில் வேலை நேரம், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், சேமநிதி, ஒப்பந்தக் காலம் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.